உப்பில்லாச் சோறு

காலைப் பெரட்டில் வேலையாட்களின் பெயர் கூப்பிட இன்னும் அரை மணி நேரம் இருந்தது. ஜானகி ரப்பர்ப்பால் ஸ்டோரின் தகரக் கதவைத் தள்ளித் திறந்து விளக்கைப் போட்டாள்.

"ஏறுங்க."

கந்தசாமி சிலிப்பரைக் கழற்றிவிட்டு நிறுவை மேடைமேல் ஏறி நின்றான். கட்டிப்பால் மூட்டைகளை நிறுக்கும் மேடை அது. பலகையில் ரப்பர் படிந்து கறுத்திருந்தது. புளித்த வாடை அடித்தது. கைகளை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு, ஊசிக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளையைப் போல அவன் நேராகப் பார்த்தான். ஜானகி குனிந்து குண்டை நகர்த்தினாள். கம்பி ஆடி நின்றது.

"அறுபத்தொண்ணு நாலு."

"நேத்து?"

"அறுபத்தொண்ணு மூணு."

"அப்ப பரவால்லலா. இன்னைக்கி ஒரு கிளாஸ் தண்ணி கூடக் குடிக்கலாம்."

"குடிக்கக் கூடாது. எறங்குங்க."

"கிராணிகிட்ட சொல்லு, கட்டிப்பாலோட சேத்து என்னையும் லோரியில ஏத்தட்டும். ரெண்டு வருசமா நிறுத்து நிறுத்து வெக்கிற, விக்கவே மாட்டேங்கிற."

அவள் சிரிக்கவில்லை. அவன் வேடிக்கைக்கு அவள் சிரித்து வெகு நாளாகிவிட்டது.

வெளியே வந்தபோது வாசலில் இருசம்மாள் நின்றிருந்தாள். கந்தசாமியின் அம்மா. எழுபதை நெருங்கிய வயதில், வேலியோர ஈரப் புல்லில் நடந்து பின்னாலேயே வந்திருக்கிறாள். சேலைக் கரை நனைந்திருந்தது.

"புருசனத் தராசுல ஏத்தி நிறுக்குறா உன் மருமவ, போயிப் பாருன்னு வேலாயி சொன்னா. நான் நம்பல. இப்பக் கண்ணால பாத்துட்டேன். ஏண்டி, இன்னும் எத்தினி கிலோ கொறஞ்சா உனக்குத் திருப்தி?"

"எனக்குப் பெரட்டுக்கு நேரமாச்சு அத்தை."

"பதில் சொல்லிட்டுப் போடி."

"அம்மா, சும்மா இரும்மா" என்றான் கந்தசாமி. "டாக்டர் சொல்லித்தான்..."

"எந்த டாக்டருடா? நோயி முழுசாப் போயிருச்சுன்னு கோலாலம்பூரு டாக்டரு எம் முன்னாடிதானே சொன்னாரு? சாவுல இருந்து மீண்டு வந்த புள்ளய ஊட்டி வளக்காம, இவ தராசுல நிறுக்குறா..."

கந்தசாமி மனைவியைப் பார்த்தான். சொல்லிவிடாதே என்கிற பார்வை. ஜானகி கதவைப் பூட்டி, சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள்.

அது தொண்ணூற்றாறாம் வருடம். மலேசியாவில், மலாக்காவின் செலண்டார் பக்கத்திலிருந்த அந்தத் தோட்டத்தில் பாதி ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டுவிட்டார்கள். மிச்ச மரங்களைச் சீவ நாற்பது பேர் போதும். அந்த நாற்பதில் ஜானகி ஒருத்தி. கந்தசாமியால் இனிமேல் காட்டுக்குப் போக முடியாது. தோட்டத்து ஆபீஸ் கணக்கைப் பார்க்கும் கிராணி சுகுமாரன் இரக்கப்பட்டு அவனை ஸ்டோருக்குப் பகல் காவலுக்கு ஜாகாவாகப் போட்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

காலையில் ஜானகி ஒரு பழைய ஆரஞ்சுப் போத்தலில் ஒரு லிட்டர் தண்ணீர் நிரப்பி வைப்பாள். ஒரு நாளைக்கு அவ்வளவுதான். தேத்தண்ணி, ரசம், மாத்திரைக்கு ஒரு மடக்கு எல்லாம் அந்தக் கணக்குக்குள். அவன் தேத்தண்ணி குடித்தால் அதே அளவு தண்ணீரைப் போத்தலிலிருந்து எடுத்து முற்றத்தில் ஊற்றிவிடுவாள். இதை இருசம்மாள் ஒருநாள் பார்த்தாள். மகன் உதட்டை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், மருமகள் தண்ணீரை மண்ணில் கொட்டுகிறாள். அன்றிலிருந்து ஜானகியை ஏசுவதற்குத் தவிர அவளிடம் வாயைத் திறப்பதில்லை.

குழம்பில் உப்பு கிடையாது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் எதுவும் வீட்டுக்குள் வராது. உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்பது ஜானகிக்கு மட்டும் தெரியும். மற்றவர்கள் தட்டில் ஒரு சிட்டிகை வைத்துவிட்டு மறுபடியும் ஒளித்துவிடுவாள்.

காலை எடையைச் சமையலறைக் கதவின் பின்பக்கம் சாக்பீஸால் எழுதுவாள். மாதம் ஒருமுறை அதை நோட்டில் பார்த்தெழுதி மலாக்கா ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போவாள். பக்கத்து வீட்டு வேலாயி அந்த எண்களைப் பார்த்துவிட்டு, ஜானகிக்குச் சாமி வந்து நம்பர் சொல்கிறது என்று முடிவு கட்டி, மூன்று வாரம் அவற்றை நாலு நம்பர் லாட்டரிக் கடையில் எழுதினாள். ஒன்றும் விழவில்லை. "உன் சாமி சரியில்ல ஜானகி" என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

நடந்தது இதுதான்.

தொண்ணூறில் கந்தசாமியின் கழுத்தில் கட்டி வந்தது. நெஞ்சுக்குள்ளேயும் இருந்தது. புற்றுநோய் என்றார்கள். கோலாலம்பூரில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஒரு சிவப்பு மருந்தை ஏற்றினார்கள். ரோஸ் சிரப் நிறத்தில் இருக்கும். ஏற்றிய மறுநாள் மூத்திரமும் சிவப்பாகப் போகும். மொத்தம் எட்டுத் தடவை, அப்புறம் நெஞ்சுக்குக் கரண்டு வைக்க வேண்டும். நாலாவது தடவையோடு அவன் போதும் என்றான். முடி போய், வாய் புண்ணாகி, எலும்பாகக் கிடந்தான். ஜானகி கெஞ்சினாள், அவன் கேட்கவில்லை. அப்போது இருசம்மாள் ஒரு காரியம் செய்தாள். பெற்ற மகனின் காலைப் பிடித்தாள். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டு, "முழுசாப் போட்டுக்கறேன்னு சொல்லு, இல்லன்னா விடமாட்டேன்" என்றாள். அம்மா தன் காலைப் பிடித்ததை அவனால் தாங்க முடியவில்லை. எட்டும் போட்டுக்கொண்டான். பிழைத்தான்.

நாலு வருடம் கழித்து மூச்சு வாங்கியது. கால் வீங்கியது. மலையேற்றத்தில் பால் வாளியைத் தூக்க முடியவில்லை. கட்டிதான் திரும்பி வந்துவிட்டது என்று இருவரும் நினைத்தார்கள். மலாக்கா ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். கட்டி எங்கும் இல்லை. ஆனால் இதயம் பெருத்து, பழைய பலூனைப் போலத் தொளதொளத்துக் கிடந்தது.

அந்த டாக்டரம்மா மலாய்க்காரி, முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவர் ஒளிக்காமல் சொன்னார். புற்றுநோயை அழித்த மருந்தே சிலருக்கு இதயத் தசையையும் கெடுத்துவிடும். உடனே தெரியாது, வருடங்கள் கழித்தும் தெரியும். நெஞ்சில் கரண்டு வைத்ததும் சேர்ந்திருக்கும். இனி உடம்பில் தண்ணீர் தங்கவிடக் கூடாது. உப்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும், அது ஆகாது. தினமும் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை அல்ல, தண்ணீர். உடனே ஓடி வர வேண்டும்.

பஸ்ஸில் திரும்பும்போது கந்தசாமி அவள் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான்.

"அம்மாவுக்கு இது தெரியக் கூடாது. எம் மேல சத்தியம் பண்ணு. எங்கால புடிச்சி இந்த மருந்தப் போட வெச்சது அம்மா. அதுதான் நெஞ்சக் கெடுத்துச்சுன்னு தெரிஞ்சா, அது சோறு தண்ணி இறங்காமச் செத்துரும்."

"அப்ப நான் என்னன்னு சொல்லி உப்பில்லாமச் சோறு போடுறது?"

"ஏதாச்சும் சொல்லிக்க."

அவள் சத்தியம் செய்தாள். ஏதாவது சொல்லிக்கொள்வது அத்தனை சுலபமாக இல்லை. பித்தம் என்றாள், பிரஷர் என்றாள். புற்றுநோய் வந்து போனவன் வீட்டில் எல்லோருடைய கண்ணும் அந்த ஒரு நோயின் மேலேயே இருந்தது. அது போய்விட்டது, இனி அவனுக்குச் சாப்பாடுதான் வேண்டும் என்பது இருசம்மாளின் கணக்கு. தோட்டம் முழுக்க அதே கணக்குதான்.

அன்று மதியம் ஜானகி காட்டிலிருந்து வந்து சோறு போட்டாள். கந்தசாமி இரண்டு வாய் தின்று மூன்றாவதை உருட்டிக்கொண்டிருந்தான். எதிரே இருசம்மாள் தன் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"உப்பில்லாச் சோறு யாருக்குப் போடுறதுன்னு தெரியுமாடி உனக்கு? செத்தவனுக்கு. பதினாறாம் நாளு படைக்கறப்பதான் நம்ம வீட்டுல உப்பில்லாமப் பொங்குவோம். எம் புள்ளைக்கு நீ உசுரோட படையல் போடுற."

"அத்தை, அப்படிப் பேசாதீங்க..."

"எப்படிப் பேசணும்? நீயே சொல்லு. தாகத்துக்குத் தண்ணி கேட்டா இல்லேங்கிற. நாய்க்குக்கூட ஊத்துவாங்களே..."

மகள் ஷாந்தினி பள்ளிச் சீருடையோடு வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது. "பாட்டி சொல்றது சரிதானேம்மா?" என்றாள். "ஸ்கூல்ல கேக்கறாங்க, உங்கம்மா ஏன் உங்கப்பாவப் பட்டினி போடுறாங்கன்னு. நான் என்னா சொல்றது?"

ஜானகி கந்தசாமியைப் பார்த்தாள். அவன் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கணத்தில் அவனை அவள் வெறுத்தாள். பிறகு எழுந்து போய்க் குழம்புச் சட்டியைக் கழுவினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கந்தசாமியின் தங்கை ஜெயா வந்தாள். புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கேயே ஒரு தாமான் குடியிருப்பில் சிறிய வீடு வாங்கியிருந்தாள். வரும் வெள்ளிக்கிழமை புதுவீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். அண்ணனும் அம்மாவும் இப்போதே வந்து ஒரு வாரம் தங்க வேண்டும் என்றாள்.

"வெள்ளிக்கிழமை காலையில கூட்டிட்டு வரேன் ஜெயா. சாயங்காலம் திரும்பிடுறோம்" என்றாள் ஜானகி.

"எங்கண்ணன் எங்க வீட்டுல ஒரு வாரம் இருக்கக் கூடாதா அண்ணி?"

"அப்படி இல்ல. அவருக்கு மருந்து, சாப்பாடு எல்லாம்..."

"எனக்கு ஆக்கத் தெரியாதா? நீங்க போடுற சாப்பாட்டத்தான் அம்மா சொன்னாங்களே."

"அவ விடமாட்டா" என்றாள் இருசம்மாள். "கண்ணு முன்னாடி கொஞ்சங் கொஞ்சமாக் கொல்லணும் அவளுக்கு."

ஜானகி வாயைத் திறந்தாள். கந்தசாமி எழுந்தான்.

"போயிட்டு வரேன். ஒரு வாரம்தானே."

உள்ளே துணி எடுத்து வைக்கும்போது அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள். "அங்க என்னா சொல்லி உப்பு வேணாம்பீங்க?"

"பாத்துக்கறேன்."

"அங்க தராசு கெடையாது."

"ஜானகி..." அவன் கட்டிலில் உட்கார்ந்தான். "ஒரு வாரம் மனுசனா இருந்துட்டு வரேனே. தெனமும் உன் மூஞ்சியப் பாத்தா எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வருது."

அவள் மாத்திரைகளை நாள்வாரியாகப் பொட்டலம் கட்டினாள். ஒரு தாளில் எல்லாம் எழுதினாள். உப்பு கூடாது. ஒரு போத்தல் தண்ணீர். கால் வீங்கினால், படுத்தால் மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரி. நாலாக மடித்து அவன் சட்டைப் பையில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் பால் காய்ச்சப் போகவில்லை. யாரும் அவளை மறுபடி கூப்பிடவில்லை. கதவின் பின்பக்கம் ஞாயிற்றுக்கிழமை எடைக்குக் கீழே எதுவும் எழுதாமல் நாட்கள் போயின.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிராணி சுகுமாரன் மோட்டார் சைக்கிளில் அவள் சீவும் மர நிரைக்கே வந்தார். கிராணி காட்டுக்குள் வருகிற வழக்கமில்லை. அவரைப் பார்த்ததுமே அவள் சீவுளிக் கத்தியைக் கீழே போட்டாள்.

"ஆபீசுக்கு போன் வந்துச்சுக்கா. ஜெயா பேசிச்சு. அண்ணன ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்களாம்."

"மூச்சு இருக்கா?"

"இருக்கு. ஏறு, பஸ்ஸு வரைக்கும் கொண்டுபோய் விடறேன்."

பால் வாடை அடிக்கும் உடுப்போடேயே மலாக்காவுக்குப் போனாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்தாள்.

வார்டில் கந்தசாமி முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணை வைத்து உட்கார வைக்கப்பட்டிருந்தான். முகத்தில் ஆக்சிஜன். கழுத்து நரம்பு விரல் கனத்துக்குப் புடைத்திருந்தது. கால்கள் முழங்கால் வரை பளபளத்தன. ஜானகி ஒரு பாதத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

இருசம்மாள் கட்டிலின் அந்தப் பக்கம் நின்றிருந்தாள். ஜெயா சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருந்தாரு அண்ணி" என்றாள் ஜெயா. "நாலு நாள்ல உடம்பு போட்டுருச்சு, கன்னம்லாம் உப்பிச்சு. அம்மாவுக்கு அவ்வளவு சந்தோசம். கருவாட்டுக் குழம்பு, கோழி சூப்பு, எல்லாம் கேட்டுக் கேட்டு சாப்பிட்டாரு. ராத்திரிதான் படுக்க முடியல, உக்காந்தே இருந்தாரு. காலையில வாயில நுரை..."

டாக்டரம்மா வந்தார். அதே மலாய் டாக்டர். கையில் பழைய அட்டை. கோபத்தில் இருந்தார். அறுபத்தேழு கிலோ, என்றார் மலாயில். ஒரு வாரத்தில் கிட்டத்தட்ட ஆறு கிலோ தண்ணீர். நுரையீரல் முழுக்கத் தண்ணீர். யார் இவருக்கு உப்பு கொடுத்தது?

இருசம்மாளுக்குப் பாசாரில் பேரம் பேசும் அளவுக்குத்தான் மலாய் தெரியும். ஆனால் 'காராம்' என்றால் உப்பு என்று தெரியும். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ஜானகி டாக்டருக்கும் மாமியாருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"நான்தான் டாக்டர்" என்றாள் மலாயில். "நான்தான் கொடுத்தேன்."

டாக்டர் அட்டையைப் புரட்டினார். அவள் மாதாமாதம் கொண்டுவந்து கொடுத்த எண்கள் அதில் ஒட்டியிருந்தன. இரண்டு வருடம். ஒரு நாள் விடுபடவில்லை.

"அக்கா, என்கிட்ட பொய் சொல்லாதீங்க" என்றார். "இவ்வளவு மோசமான இதயத்தோட இவரு ஆறு மாசம் தாண்டுவாருன்னு நான் நினைக்கல. ரெண்டு வருஷம் இருந்திருக்காருன்னா இந்த எண்களாலதான். நீங்க உப்பு கொடுத்திருக்க மாட்டீங்க." பிறகு குரலைத் தணித்து, வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும் என்றார். புற்றுநோய் இல்லை, அந்தச் சிகிச்சையால் பழுதான இதயம், இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும் என்றார்.

அவர் போனதும் இருசம்மாள் கேட்டாள். "என்னா சொல்றாங்க?"

"நெஞ்சுல தண்ணி கோத்திருக்காம் அத்தை. மருந்து குடுத்தா வடிஞ்சிடும்னு சொல்றாங்க."

"வேற ஒண்ணும் சொல்லல?"

"வேற ஒண்ணும் சொல்லல."

ஜெயா சுவரை விட்டு நகர்ந்தாள். அவளுக்கு மலாய் நன்றாகத் தெரியும். பன்னிரண்டு வருடம் தொழிற்சாலையில் மலாயில்தான் பேசுகிறாள். ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தாள். ஜானகியின் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏன் அண்ணி மறைக்கிறீங்க?"

"சத்தியம் பண்ணிருக்கேன்."

"ரெண்டு வருசமாவா? அம்மா உங்கள அத்தினி பேச்சு பேசினாங்க, நான் பேசினேன்... ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் கருவாடு வெச்சிருப்பேனா?" ஜெயாவின் குரல் உடைந்தது. "எங்கையால வெச்சேன் அண்ணி. ரெண்டாந் தடவ கேட்டாரு, ஊத்துனேன்..."

"அவருக்குத் தெரியும் ஜெயா. தெரிஞ்சுதான் சாப்பிட்டாரு. உன் மேல தப்பில்ல."

சொல்லும்போதுதான் அது எவ்வளவு உண்மை என்று ஜானகிக்குப் புரிந்தது. நர்ஸ் கொடுத்த அவன் சட்டையின் பையில் அவள் எழுதிய தாள் இருந்தது. நாலாக மடித்தது மடித்தபடி. பிரித்த தடம் இல்லை.

மூன்று நாளில் தண்ணீர் வடிந்தது. ஆக்சிஜனைக் கழற்றினார்கள். ஜெயா அண்ணனின் காதருகே குனிந்து என்ன சொன்னாளோ, அன்று மதியம் அவன் அம்மாவைக் கட்டிலில் உட்காரச் சொன்னான்.

"அம்மா, ஜானகி மேல தப்பில்ல. எல்லாத்துக்கும் சத்தியம் வாங்குனது நான்."

அவன் சொன்னான். திக்கித் திக்கி, மூச்சு வாங்கி, எல்லாவற்றையும் சொன்னான். சிவப்பு மருந்து என்ற இடத்தில் இருசம்மாள் அவன் பேச்சைக் கையால் மறித்தாள்.

"நான் உங்காலப் புடிச்சேனே... அந்த மருந்தா?"

"அதேதான்."

வார்டில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். இருசம்மாள் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப நான்தான்..."

"நீ புடிக்கலன்னா தொண்ணூறுலயே போயிருப்பேன்மா. ஆறு வருசம் இருந்துட்டேன்ல. ஷாந்தினி ஒம்போது வயசுப் புள்ள அப்ப. அவளுக்கு என் மூஞ்சி மறந்திருக்கும்." அவன் மூச்சை இழுத்துக்கொண்டான். "அந்த மருந்துதான் காப்பாத்துச்சு. அந்த மருந்துதான் கெடுத்துச்சு. நான் மறைச்சதுதான் தப்பு. பழிய இவ தலையில போட்டுட்டு, நான் பாட்டுக்குச் சும்மா இருந்துட்டேன்."

இருசம்மாள் எழுந்தாள். ஜானகி கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். கிழவி அவளிடம் போய், குனிய ஆரம்பித்தாள். ஜானகி பதறித் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"வேணாம் அத்தை. ஒரு தடவ கால் புடிச்சதே போதும்."

இருசம்மாள் மருமகளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஜானகி அழவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை, களைப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்த மறுநாள் விடியலில் ஸ்டோருக்கு நாலு பேர் போனார்கள். ஷாந்தினி குண்டை நகர்த்தினாள். ஐம்பத்தொன்பது எட்டு. சாக்பீஸை அவளே வாங்கிச் சமையலறைக் கதவில் எழுதினாள். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த நாளும் எழுதினாள், அதற்கு அடுத்த நாளும். இருசம்மாள் தன் தட்டிலும் உப்பு வேண்டாம் என்றுவிட்டாள். வேலாயி கருவாடு கொண்டுவந்தபோது வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாள்.

ஒருநாள் வெயில் கொளுத்தும் மதியம். ஜானகி காட்டில் இருந்தாள். போத்தல் காலியாகிவிட்டது. கந்தசாமி அம்மாவிடம் கேட்டான்.

"அம்மா... ஒரு வாய் தண்ணி."

"இல்லடா."

"நாக்கு ஒட்டுதும்மா. நனைச்சுக்க மட்டும்."

"இல்லன்னா இல்ல."

அவள் பின்பக்கம் போய்க் குழாயடியில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். ஜானகி திரும்பி வந்தபோது அவள் அங்கேதான் இருந்தாள்.

"ரெண்டு வருசம்..." என்றாள் இருசம்மாள். "ரெண்டு வருசமா நீ இதச் சொல்லிக்கிட்டு இருந்திருக்க. எப்படிடி முடிஞ்சுது உன்னால?"

ஜானகி பக்கத்தில் உட்கார்ந்து தன் முகத்தைக் கழுவினாள்.

ஐந்து மாதம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை, பால் நிறுக்க எல்லோரும் வாளியோடு வரிசையில் நிற்கையில், ஜாகா நாற்காலியில் உட்கார்ந்தபடியே கந்தசாமி இறந்துபோனான். தூங்குகிறான் என்றுதான் முதலில் நினைத்தார்கள். சுகுமாரன் தோளைத் தொட்டார். வரிசையில் ஏழாவது ஆளாக ஜானகி நின்றிருந்தாள். அன்று காலை எடை அறுபது. கால் வீக்கம் இல்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இப்படிப்பட்ட இதயம் எல்லாம் சரியாக இருக்கும்போதே திடீரென்று நின்றுவிடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதை ஜானகி யாரிடமும் சொல்லவில்லை. அதற்குச் சத்தியம் யாரும் கேட்கவில்லை.

பதினாறாம் நாள். படத்தின் முன் இலை போட்டிருந்தது. ஷாந்தினி ஒரு பெரிய செம்பில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி இலையருகே வைத்தாள். சமையலறையில் ஜெயா குழம்பை இறக்கிக்கொண்டிருந்தாள். வேலாயி மேற்பார்வை பார்த்தாள்.

"உப்பு போட்டுராத ஜெயா. மொத இலைக்கு ஆகாது."

இருசம்மாள் உள்ளே வந்தாள்.

"ஜானகி, உப்பு ஜாடிய எங்க வெச்சிருக்க?"

மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஜானகி நிமிர்ந்தாள். எழுந்து போய் அரிசிப் பெட்டிக்குள் கையை விட்டு, அடியிலிருந்து ஜாடியை எடுத்து வந்தாள்.

"என்னா பெரியம்மா இது" என்றாள் வேலாயி. "முறைன்னு ஒண்ணு இருக்குல. செத்தவங்களுக்கு உப்பில்லாமத்தானே..."

"அதான் உசுரோட இருக்கறப்பவே உப்பில்லாமத் தின்னுட்டான்ல. போதும்."

வேலாயி அடுப்பருகிலிருந்து விலகினாள்.

"நீங்க போடுங்க அத்தை" என்று ஜானகி ஜாடியை நீட்டினாள்.

"நான் எதுக்கு? நீதான் அவனுக்குப் பொங்கிப் போட்டவ. நீ போடு."

ஜானகி மூடியைத் திறந்து கையை விட்டாள். குழம்புச் சட்டியின் மேல் கை நின்றது. இத்தனை நாளாக ஒரு சட்டிக்கும் உப்புப் போடாத கை. எவ்வளவு என்று அதற்குத் தெரியவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பஸ்ஸில் சத்தியம் செய்த நாளிலிருந்து வராத அழுகை.

இருசம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"போடு தாயி" என்றாள். "தாராளமாப் போடு."